என் பெயரில் இறந்தவர்

9 ஜூன்

பிரான்,

டெஸ் கில்ஃபோய்லைக் கொன்றது நம் ஊர், யாரபின். இதை எழுதிய பிறகுதான் உன் நலத்தை விசாரிக்க எனக்கு மனம் வருகிறது. அக்கா, நீயும் இமியும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தைக்கு இருமல் விட்டதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உயிரோடு இருக்கிறேன் என்று இந்த வாரம் எழுதிக் கையெழுத்துப் போட்டே கொடுத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சிறைச் சமையலறையில் கேரட் சீவிக்கொண்டிருந்தேன். நலத்துறை அதிகாரி ஹேடோ ஒரு தாளோடு வந்து நின்றார்.

“மேடக், நீ செத்துட்டியாமே?”

“இன்னும் இல்ல பாஸ். இந்தச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேணா பாக்கலாம்.”

“விளையாடாதடா. கார்ட்மோர் ஆஸ்பத்திரில ரீஸ் மேடக்னு ஒருத்தன் போன மாசம் செத்திருக்கான். அறுபது வயசுக்கு மேலன்னு எழுதியிருக்கு. கம்ப்யூட்டர் உன்னையும் அவனையும் ஒண்ணாச் சேத்துருச்சு. யாருன்னு தெரியுமா?”

படிக்கச் சொன்னேன். நரைத்த தாடி. இடது காலில் பழைய தையல். வலது கை மோதிர விரல் பாதி இல்லை. அதற்கு மேல் அவர் படித்தது என் காதில் விழவில்லை. டெஸ்ஸுக்கு அந்த அரை விரல் போன அன்று இரும்பு அறுக்கும் எந்திரத்தை நிறுத்தி, துண்டைச் சுற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியவன் நான். தட்டு எறியும் மைதானத்தின் ஐந்தாம் கூடைக்கு வளையம் அறுத்துக்கொண்டிருந்தோம்.

சூப்பர்மார்க்கெட் பின்பக்கம் வண்டி நிறுத்துமிடத்தில் நினைவில்லாமல் கிடந்தாராம். பர்ஸ் இல்லை, அட்டை எதுவும் இல்லை. தோள்பை நிறைய எறியும் தட்டுகள். மேலே இருந்த பச்சைத் தட்டின் அடியில் மார்க்கரில் என் பெயரும் போன் எண்ணும். அதுதான் அவர் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஹேடோவுக்கு எவ்வளவு சொல்லியும் புரியவில்லை. “எல்லாரும் அவங்கவங்க தட்டுல பேரு எழுதுவோம் பாஸ். தொலைஞ்சா, கண்டெடுத்தவன் அந்த நம்பருக்குக் கூப்பிட்டுத் திருப்பிக் குடுப்பான்.” “அப்ப இந்தாளு பையில எதுக்கு உன் பேரு?” “அவர் பையில ஊர்ல உள்ள எல்லார் பேரும் இருக்கும்” என்றேன்.

உள்ளே வருவதற்கு முந்திய ஞாயிறு ஏழாம் கூடைக் குளத்தில் நான் விட்ட தட்டு அது. போனால் போகிறது என்றேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவி எடுத்திருப்பார். நான் வெளியே வரும்வரை வைத்திருக்க நினைத்திருப்பார்.

அவருக்கு கார்ட்மோரில் என்ன வேலை? வீடு என்ன ஆயிற்று? பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், யாரபினைத் தாண்டி ஒரு இரவு தங்கவும் பிடிக்காதவர். அவர் ஏன் ஒரு கடையின் பின்னால் கிடந்து, என் பெயரில் செத்தார்? போய் அவரை அழைத்து வாருங்கள்.

இந்த ஜூன் மாதக் குளிரில் கவனமாக இரு. இமிக்கு முத்தம்.

ரீஸ்


30 ஜூன்

அன்புள்ள ரீஸ்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் சுகம். இமிக்கு இருமல் போய் இப்போது பல் ஆடுகிறது. நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். நீ இரண்டு காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. அங்கே கம்பளி போதாது என்று போன தடவை சொன்னாய்.

ஊரே அழுகிறது. கிளப்பின் இணையப் பக்கத்தில் யார் யாரோ எழுதுகிறார்கள். “என் முதல் தட்டு டெஸ் குடுத்தது.” “பஸ்ஸு சீட்டுக்கு அடியில ஒரு பெட்டி நிறைய வச்சிருப்பாரு, இறங்குற பிள்ளைங்க கைல ஒண்ணு திணிச்சுடுவாரு.” இறைச்சித் தொழிற்சாலையில் என்னோடு எலும்பு நீக்கும் பெண்கள்கூட, வாழ்க்கையில் ஒரு தட்டை எறியாதவர்கள், அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எட்டாம் கூடைக்குப் பக்கத்தில் ஒரு கல் நாட்டி, பெயர் பொறித்து, அவர் நினைவாக ஒரு ஆட்டம் நடத்தப் போகிறோம். கிளப் தலைவர் ட்ரெவர் லுபிக்தான் ஏற்பாடு. “தங்கமான மனுஷன்” என்று சொல்லும்போது ட்ரெவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

வீடு பற்றிக் கேட்டாய். அவர் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் கிறிஸ்துமஸுக்கு முன்னால் விற்றுவிட்டார். விற்றுக்கொடுத்தது ட்ரெவரின் அலுவலகம்தான். ஆனால் அது அவர் தொழில், வேறு யாராவது விற்றிருப்பார்கள். ஊரில் வாடகைக்கு வீடே இல்லை. டெஸ் தன் வேனில் இருந்தார் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். மைதானத்து வண்டி நிறுத்துமிடத்தில். அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. முன்கண்ணாடிக்குக் கீழே பல் துலக்கும் பிரஷ் கிடக்கும், நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர் வேன் எப்போதுமே குப்பைக் கூடைதானே.

பிப்ரவரிக் கூட்டத்தில் ட்ரெவர் சொன்னார், “ராத்திரி வண்டில படுக்கறவங்க நம்ம கழிப்பறையை நாசம் பண்றாங்க. நகராட்சிகிட்ட சொல்லி கேட் போட்டுப் பூட்டணும். யாரெல்லாம் சரிங்கறீங்க?” எல்லோரும் கை தூக்கினோம். நான் தூக்கினேன். டெஸ் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவரும் தூக்கினார், ரீஸ். “நியாயந்தானே, சின்னப் பிள்ளைங்க வர்ற இடம்” என்றார். பிறகு வழக்கம்போல எல்லோருடைய கோப்பைகளையும் கழுவி, நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போனார்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரான்


8 ஜூலை

அன்புள்ள பிரான்,

இமியின் பல் விழுந்ததா? நான் சுகம். இரண்டு காலுறை போடுகிறேன், நிம்மதியாக இரு.

அழுகிற ஊருக்கு ஒன்று சொல். பல் துலக்கும் பிரஷ் தெரிந்தது என்றால் மனிதனையும் தெரிந்திருந்தது என்றுதான் அர்த்தம். சரியாகத் தெரியாது என்ற வார்த்தையை உங்கள் எல்லோருக்கும் யார் சொல்லிக் கொடுத்தது? நகராட்சியா?

தாஸ்மேனியாவில் எங்கோ ஒரு பூங்காவில் தட்டைக் கூடைக்குள் எறியும் டிஸ்க் கோல்ஃப் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, ஊர்க் குப்பை மேட்டில் டெஸ் முதலில் கட்டித் தொங்கவிட்டது பழைய டயர்களை. அதற்குள் எறிவோம். பிறகு துணி துவைக்கும் எந்திரங்களின் உருளைகளை அறுத்துக் கூடை செய்தார். மரம் அறுக்கும் ஆலையை மூடியபோது, கூடைக்கு மேல் தொங்கவிட அதன் சங்கிலியை எடைக்கு வாங்கி வந்தார். எனக்கு அப்போது வேலை இல்லை. சும்மா கிடக்கிறாயே, வந்து குழி தோண்டு என்றார். நகராட்சி முதல் மூன்று கூடைகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவர்கள் கிடங்கில் போய் நின்று, “என் துவைக்கிற மெஷினு உங்ககிட்ட இருக்காமே, அழுக்குத் துணி சேந்துபோச்சு” என்று கேட்டு வாங்கி வந்து மறுபடி நட்டார். இப்போது அதே நகராட்சி அந்த மைதானத்தின் படத்தைப் போட்டுத்தான் சுற்றுலாக்காரர்களைக் கூப்பிடுகிறது.

மைதானத்துக் கேட்டைப் பூட்டிய பிறகு கார்ட்மோர் கடைக்குப் பின்னால் போயிருக்கிறார். ஹேடோ விசாரித்துச் சொன்னார். அவர் கழிப்பறைக்குப் போயிருந்த நேரம் அங்கே இழுவை வண்டிக்காரர்கள் வேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பர்ஸும் இதய மாத்திரையும் வேனுக்குள். தட்டுப் பையை மட்டும் எப்போதும் தோளில் மாட்டியிருப்பாரே, அது மிஞ்சியது.

ஹேடோ இன்னொன்றும் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து தட்டில் இருந்த எண்ணுக்கு, என் எண்ணுக்கு, போன் செய்திருக்கிறார்கள். ஒரு பெண் எடுத்தாளாம். ரீஸ் மேடக் இங்கே ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்றதும், “அவன் ஜெயில்ல இருக்கான், வேற யாரையாவது ஏமாத்து” என்று வைத்துவிட்டாளாம். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. என் போனை உன்னிடம்தான் கொடுத்துவிட்டு வந்தேன். நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை, பிரான். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகும் சில நாள் அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். உடலைப் பெற்றுக்கொள்ள யாராவது கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர்தான் அடக்கச் செலவையும் ஏற்க வேண்டும். யாரும் போடாவிட்டால் ஒப்பந்தக்காரர் ஒருவர் தன் வசதிப்படி எரித்துவிடுவார். நாள் சொல்ல மாட்டார், யாரும் கூட நிற்க முடியாது. மகன் மார்கஸைத் தேடு. இல்லாவிட்டால் கிளப் போடட்டும். கல் வாங்கக் காசு இருக்கிறது அல்லவா?

சீக்கிரம் எழுது.

ரீஸ்


19 ஆகஸ்ட்

அன்புள்ள ரீஸ்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், பிறகு இமிக்கு. இப்போது பரவாயில்லை. பல் விழுந்துவிட்டது, நாய் தின்றுவிட்டது, அதற்கு ஒரு நாள் முழுக்க அழுகை. நீ எப்படி இருக்கிறாய்? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

உன் போன் எண்ணை ரத்து செய்துவிட்டேன். நீ வரும்வரை வீண் செலவு. வந்ததும் புதிது வாங்கிக்கொள்ளலாம்.

மார்கஸைக் கண்டுபிடித்தேன். வடக்கே டார்வின் நகரத்தில் குளிர்சாதனம் பழுது பார்க்கிறான். அப்பா போய்விட்டார் என்றேன். பின்னணியில் ஏதோ எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“நீங்க யாரு அவருக்கு?”

“தெரிஞ்சவங்க. கூட ஆடுறவங்க.”

“ஓ, தட்டுக்காரங்களா. எத்தனை தட்டு குடுத்தாரு உங்களுக்கு?”

“அதெல்லாம் எண்ணலங்க.”

“நான் எண்ணியிருக்கேன். எனக்கு ஒண்ணுகூட இல்ல. அம்மா நோயில கிடந்தப்போ அந்தாளு குப்பை மேட்டுல சங்கிலி கட்டிட்டிருந்தாரு. ஊருக்குத் தங்கம், வீட்டுக்குத் தகரம். ஊரே எடுத்துக்கிச்சு இல்ல? புதைக்கிறதையும் ஊரே பாத்துக்கட்டும்.”

வைத்துவிட்டான். என்னால் கோபப்பட முடியவில்லை.

கிளப் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, உனக்குத் தெரியும். “கல்லு அப்புறம் வைக்கலாம், முதல்ல மனுஷனை வாங்கிட்டு வரலாம்” என்றேன். ட்ரெவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிரான், உன் மனசு புரியுது. ஆனா கிளப் விதியில அதுக்கு இடமில்ல. மைதானச் செலவுக்குத்தான் அந்தக் காசு. தணிக்கைக்காரன் கேப்பான்.” பின்வரிசையில் ஒருவர், “கவர்ன்மென்ட்டு பாத்துக்கும்மா, அதுக்குத்தானே வரி கட்டுறோம்” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் கோப்பைகளைப் பார்த்தார்கள். கோப்பைகளைக் கழுவ யாரும் எழுந்திருக்கவில்லை.

நான் கையெழுத்துப் போடலாமே என்று நீ நினைப்பாய். தொழிற்சாலையில் வாரம் இரண்டு நாள்தான் கூப்பிடுகிறார்கள். வேறென்ன சொல்ல.

குளிர் குறைகிறது. மேக்பை பறவைகள் கூடு கட்டிவிட்டன, மூன்றாம் கூடைப் பக்கம் போனால் தலையில் கொத்துகின்றன.

பிரான்


27 ஆகஸ்ட்

அன்புள்ள பிரான்,

காய்ச்சலோடு வேலைக்குப் போயிருப்பாய், எனக்குத் தெரியும். இப்போது எப்படி இருக்கிறது? நான் சுகம்.

அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. எழுத வேண்டாம். நான் அதை எழுதியிருக்கவே கூடாது.

நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று ஹேடோவிடம் மனுக் கொடுத்தேன். வெளியே வந்ததும் உழைத்துக் கட்டுகிறேன் என்று எழுதினேன். அவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“உள்ள இருக்கிறவன் பிணத்தை வாங்க முடியாதுடா. வாங்கி எங்க வைப்ப? உன் கட்டிலுக்கு அடியிலயா?”

“அவர் மேல என் பேரு எழுதியிருந்தது பாஸ். பேரு யாருதோ அவனுக்குத்தான் திருப்பிக் குடுக்கணும். எங்க வழக்கம் அது.”

“செத்த ஆளு தட்டில்லடா” என்றார். மோசமாகச் சொல்லவில்லை. ஹேடோ மோசமானவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். இந்த விஷயத்தில் மோசமானவன் ஒருவனும் கிடைக்க மாட்டேன் என்கிறான். ட்ரெவர் அழுகிறார். ஆஸ்பத்திரி இரண்டு தடவை போன் செய்தது. வேனைத் தூக்கியவனுக்கு அது வேலை. பூட்டுப் போட்டவனுக்கும் அது வேலை. எல்லோரும் நல்லவர்கள், டெஸ் சவக்கிடங்கில் இருக்கிறார்.

நான் உயிரோடு இருப்பதாக மூன்று தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள், இரண்டு சாட்சிகளோடு. என் பெயரைப் பத்திரமாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டெஸ்ஸின் பெயரை அவர் மேல் எழுத ஒருத்தருக்கும் அவசரமில்லை.

மார்கஸ் சொன்னதை நான் நாலைந்து தடவை படித்தேன். அவன் சொல்வது பொய்யில்லை. அவன் அம்மா நோயில் கிடந்த குளிர்காலத்தில்தான் நாங்கள் ஒன்பதாம் கூடை நட்டோம். டெஸ் அவசரப்படாமல் மண்ணை மிதித்து மிதித்து இறுக்கினார். வீட்டுக்குப் போக மனமில்லாத மனிதனின் வேகம் அது. எனக்கு அப்போது புரியவில்லை.

ஊரில் வேறு யாரிடமாவது கேள். பேருந்தில் போன பிள்ளைகள் எல்லோரும் இப்போது சம்பாதிக்கிறவர்கள்தானே?

ரீஸ்


22 செப்டம்பர்

அன்புள்ள ரீஸ்,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இமி உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், கூட வைத்திருக்கிறேன். நடுவில் இருக்கிற வட்டம் நீ.

ஞாயிற்றுக்கிழமை டெஸ் நினைவு ஆட்டம் நடந்தது. இவ்வளவு கூட்டத்தை அந்த மைதானம் பார்த்ததில்லை. கார்ட்மோரிலிருந்தும் வந்தார்கள். ரொட்டியில் சாசேஜ், வெங்காயம், பியர். வண்டி நிறுத்துமிடம் நிரம்பி, கேட்டுக்கு வெளியே சாலையில் வரிசையாக நின்றன வண்டிகள். நகராட்சித் தலைவி வந்து கல்லைத் திறந்து வைத்தார். ‘கொடுத்துக்கொண்டே இருந்தவர்’ என்று பொறித்திருக்கிறார்கள். ட்ரெவர் பேசினார். “டெஸ் இங்கதான் இருக்காரு. ஒவ்வொரு கூடையிலயும் இருக்காரு” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பின்னால் ஒரு பையன், “அப்ப ஆஸ்பத்திரில இருக்கிறது யாரு?” என்று கேட்டான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போகாமல் பேருந்து பிடித்து கார்ட்மோர் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடத்தான் போனேன். தவணையில் கட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். அந்த அலுவலகத்தில் ஒரு இளம்பெண் கணினியில் பார்த்தாள்.

“அவருக்கு நீங்க என்ன வேணும்?”

என்ன சொல்வது? மகள் இல்லை. மருமகள் இல்லை. “ஒரே ஊரு” என்றேன்.

“சாரிங்க. போன வியாழக்கிழமையே முடிஞ்சுருச்சு.”

வியாழக்கிழமை. நாங்கள் கிளப் சமையலறையில் வெங்காயம் எத்தனை மூட்டை வாங்குவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த நாள்.

சாம்பல் இருக்கிறதாம். ஆண்டு முடியும்வரை வைத்திருப்பார்கள். அதற்குக் காசு வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் மகன்தான் போட வேண்டும், அல்லது வேறொருவர் வாங்கலாம் என்று மகன் எழுதித் தர வேண்டும். அதற்கு மேல் போனால் எல்லோருடையதோடும் சேர்த்து எங்கோ தூவிவிடுவார்கள். எங்கே என்று கேட்டேன். “அது தெரியாதுங்க, அது வேற செக்‌ஷன்” என்றாள். நல்ல பெண். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திரும்பி வரும் பேருந்தில் முழுக்க நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது.

பிரான்


30 செப்டம்பர்

அன்புள்ள பிரான்,

படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இமியிடம் சொல், வட்டம் நன்றாக இருக்கிறது, காதுதான் கொஞ்சம் பெரிது. நீ ஒழுங்காகச் சாப்பிடு.

நீ போனாய். வேறு யாரும் போகவில்லை. இதை நீ நினைவில் வைத்துக்கொள்.

நான் மார்ச்சில்தான் வெளியே வருவேன். டிசம்பரோடு முடிந்துவிடும் என்கிறாய். மார்கஸின் முகவரியை அனுப்பு. அந்தக் கையெழுத்துத் தாளின் ஒரு பிரதியும்.

ரீஸ்


14 அக்டோபர்

அன்புள்ள ரீஸ்,

சுகம். முகவரியும் தாளும் இத்துடன். போனில் நான் மறுபடி முயன்றேன், அவன் எடுப்பதில்லை.

சனிக்கிழமை இமி புல்லுக்குள் ஒரு சிவப்புத் தட்டைக் கண்டெடுத்தாள். அடியில் டெஸ்ஸின் பெயர், டெஸ்ஸின் எண். பேருந்தில் கொடுத்த தட்டுகளில் தன் எண்ணையே எழுதிக் கொடுப்பாரே, பிள்ளைகள் தொலைத்தால் தேடி வந்து திரும்பக் கொடுக்கலாம் என்று. நான் தடுப்பதற்குள் இமி என் போனில் கூப்பிட்டுவிட்டாள். “அம்மா, இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு ஒரு ஆன்ட்டி சொல்றாங்க. இப்ப யாருகிட்ட குடுக்கிறது?” என்று நின்றாள்.

ரீஸ், மே மாதம் அந்தப் போன் வந்த அன்றைக்கு நான் சமைத்துக்கொண்டிருந்தேன், அடுப்பில்

ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரான்


20 அக்டோபர்

திரு. மார்கஸ் கில்ஃபோய்ல் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் குடும்பமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் பெயர் ரீஸ் மேடக். உங்கள் அப்பா இறந்தபோது அவர் கட்டிலில் தொங்கிய சீட்டில் இருந்தது என் பெயர். நான் சிறையில் இருக்கிறேன். இந்த உறையைப் பார்த்ததும் உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்காகக் கிழித்துப் போடாமல் இதைக் கடைசிவரை படியுங்கள்.

உங்கள் அப்பா நல்லவர் என்று உங்களிடம் சொல்ல நான் எழுதவில்லை. அதைச் சொல்ல இங்கே ஒரு ஊரே இருக்கிறது, கல்லில்கூட எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குச் சேர வேண்டிய நேரம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். அதில் கொஞ்சம் என்னிடம் வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். எல்லோரும் அப்படித்தான். ஒரு மனிதன் கொடுத்துக்கொண்டே இருக்கும்போது அவன் வீட்டில் என்ன மிஞ்சியது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் வாங்க முடியாது.

அவர் உங்களைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் உங்களை நினைத்துக்கொண்டே இருந்தார் என்று எழுதினால் உங்கள் கை இளகலாம். ஆனால் எனக்குத் தெரியாததை எழுத மாட்டேன். ஒரே ஒரு தடவை, நாங்கள் குழி தோண்டும்போது, வடக்கே போகும் ஒரு லாரியைப் பார்த்து, “டார்வின் போகுதோ என்னமோ” என்றார். பிறகு தோண்டினார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவருடைய சாம்பல் கார்ட்மோரில் ஒரு அலமாரியில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டாம் என்றால் சரி. நீங்கள் வர வேண்டாம், காசு தர வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். என் அக்கா பிரான் மேடக் வாங்கிக்கொள்ளலாம் என்று இத்துடன் உள்ள தாளில் ஒரு கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள். அஞ்சல்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. அவரை அந்தக் கல்லுக்கு அடியில் வைக்க மாட்டோம் என்று உறுதி சொல்கிறேன்.

உங்கள் ஊரில் இப்போது மழைக்கு முந்திய புழுக்கமாக இருக்கும். உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீஸ் மேடக்


2 டிசம்பர்

திரு. மார்கஸ் கில்ஃபோய்ல் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்டோபரில் ஒரு கடிதமும் நவம்பரில் ஒன்றும் எழுதினேன். திரும்பி வரவில்லை, அதனால் உங்கள் கைக்கு வந்திருக்கும். என் அக்காவிடமிருந்தும் கொஞ்ச நாளாகக் கடிதம் இல்லை. இங்குள்ள அதிகாரி ஹேடோ தினமும் தபால் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போகிறார்.

போன தடவை மரியாதையாகக் கேட்டேன். இப்போது அப்படி இல்லை. நீங்கள் அவர் மேல் வைத்திருக்கும் கோபம் உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள், அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் உயிரோடு இருந்தபோது அவரை வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஊர் துரத்தியது. இப்போது இருக்கிற அலமாரியும் இந்த மாதத்தோடு போய்விடும். அதைத் தடுக்க நாட்டில் ஒரே ஒரு ஆளால் முடியும், அந்த ஆள் கடிதத்தைப் பிரிக்காமல் இருக்கிறார்.

புதிய தாள் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் கீழே ஒரு கோடு இருக்கிறது.

கையெழுத்துப் போடுங்கள், மார்கஸ்.